இனவரைவியல் படம் ஆய்வேடா, பின்னிணைப்பா? எடுக்கும் முறை பற்றியும் சில கேள்விகள்

வண்டல் கேட்டது:

வணக்கம். மானிடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். களம், சக்கரமும் சூளையும் இன்னும் ஓய்ந்துவிடாத மண்பாண்டக் குடும்பங்கள். ஆய்வேட்டோடு 40 நிமிட இனவரைவியல் படம், அதாவது அவர்கள் வாழ்வையும் வேலையையும் ஆய்வுநோக்கில் பதிவு செய்யும் படம் ஒன்றும் கொடுக்கத் திட்டம். நெறியாளர் மறுக்கவில்லை. ஆனால் "படம் வெறும் தரவு. வாதம் எழுத்தில் இருக்கட்டும், படத்தைப் பென் டிரைவில் போட்டுப் பின்னால் ஒட்டிவிடு" என்கிறார். குழுவில் இன்னொருவர், பின்னணிக் குரலில் விளக்கம் இல்லாத படத்தை ஏற்கவே மாட்டேன் என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. எழுத்தால் முடியாத எதைப் படம் செய்கிறது என்று குழுவிடம் சொல்ல எந்தப் படங்களை முன்வைக்கலாம்? ஆய்வுக்குப் பயன்படும் விதத்தில் எப்படி எடுப்பது? கையில் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. உதவியாள் கிடையாது. இரவுச் சூளை முக்கியமான காட்சி.

பழஞ்சுருள்:

உங்கள் நெறியாளர் சொல்வதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1895-ல் பாரிஸில் நடந்த மேற்கு ஆப்பிரிக்கக் கண்காட்சியில் ஃபெலிக்ஸ் ரெனோ என்ற மருத்துவர் ஒரு வொலோஃப் பெண்ணை அசையும் படமாகப் பதிவு செய்தார். இந்த வகைப் படத்தின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது இதைத்தான். அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது பானை! ரெனோவுக்கும் படம் என்றால் தரவுதான். அருங்காட்சியகத்தில் வைத்து மற்ற இனத்தாரின் உடலசைவோடு ஒப்பிடப் பயன்படும் ஒரு மாதிரி, அவ்வளவே.

1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன மானிடவியலாளர் ஹாடனின் குழு ஒரு சினிமா கேமராவையும் தூக்கிப் போனது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் நான்கு நிமிடம். அதன் பிறகு கேமரா ஓரங்கட்டப்பட்டதற்குக் கனமும் செலவும் மட்டும் காரணமில்லை. துறையின் அக்கறை உறவுமுறை, சமூக அமைப்பு என்று திரும்பியது. தாய்மாமன் உரிமை கேமராவில் விழாது. மானிடவியலாளர்கள் கிரிகரி பேட்சனும் மார்கரெட் மீடும் 1936 முதல் பாலித் தீவில் சுமார் 25,000 நிழற்படங்களும் 22,000 அடி 16 மி.மீ. சுருளும் எடுத்தார்கள். அந்த அளவு வேலைக்குப் பின்னும் 1975-ல் மீட், மானிடவியல் இன்னும் சொற்களின் துறையாகவே இருக்கிறதே என்று நொந்து எழுத வேண்டியிருந்தது.

குழுவுக்குப் போட்டுக்காட்ட ஒரே படம் கேட்டால், படமெடுப்பவர் டிமோதி ஆஷும் மானிடவியலாளர் நெப்போலியன் ஷாக்னனும் 1975-ல் வெளியிட்ட 'தி ஆக்ஸ் ஃபைட்' என்பேன். முப்பது நிமிடம்தான். வெனிசுவேலாவில் யானோமாமி பழங்குடியினரின் ஊர் ஒன்றில் 1971 பிப்ரவரி 28 அன்று திடீரென்று வெடித்த அடிதடி. முதலில் வெட்டாத சுருள் பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே ஓடுகிறது. பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. சுருள் தீர்ந்த பிறகும் ஒலி மட்டும் ஓடுகிறது. தகாத உறவுதான் சண்டைக்குக் காரணம் என்று ஷாக்னன் சொல்வது அதில் கேட்கிறது. அது தவறான தகவல். விருந்தாக வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனுக்கு உள்ளூர்ப் பெண் வாழைக்காய் தர மறுத்தாள், அவன் அடித்தான் என்பது பிறகு தெரிகிறது. அடுத்த பகுதியில் அதே காட்சி மெதுவாக ஓட, யார் யார் என்று அம்புக்குறி வருகிறது, பிறகு உறவுமுறை வரைபடம் வருகிறது. கடைசியில் வழக்கமான ஆவணப்படம் போல வெட்டி ஒட்டிய வடிவம், விளக்கம் ஏதும் இல்லாமல்.

கடைசிப் பகுதி வழவழவென்று ஓடும். முதல் பகுதியைப் பார்த்தவருக்கு அதில் எது இடம் மாறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று தெரியும். ஆய்வாளர் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டதையும் பிறகு திருத்திக்கொண்டதையும் பார்வையாளரே நேரில் காண்கிறார். ஒரு ஆய்வுக் கட்டுரையில் இந்தப் படிகள் எல்லாம் முதல் வரைவோடு குப்பைக்குப் போய்விடும்.

அதே படம் உங்கள் நெறியாளர் பக்கமும் சாட்சி சொல்கிறது என்பதை மறைக்க வேண்டாம். வரைபடம் இல்லாமல் அந்தச் சண்டை வெறும் கூச்சல். படத்தால் "வழக்கமாக" என்று சொல்ல முடியாது. இந்தக் குயவர், இந்தச் சூளை, இந்த இரவு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆகவே விலை, கடன், மண் எடுக்கும் உரிமை, யார் யாருக்குச் சம்பந்தி, இவற்றை எழுத்தில் வையுங்கள். வேலையின் வேகம், காத்திருப்பு, கை கற்றுக்கொள்ளும் விதம், வியாபாரியோடு பேசும்போது வீட்டுப் பெண் எப்போது குறுக்கிடுகிறாள், எப்போது வாயை மூடிக்கொள்கிறாள், இதெல்லாம் படத்துக்கு. ஒன்றையே இரண்டிலும் சொன்னால் படம் பின்னிணைப்பாகத்தான் போகும்.

கைக்கேமரா:

எடுக்கும் முறைக்கு வருகிறேன்.

மானிடவியலாளர் கார்ல் ஹைடர் 1976-ல் ஒரு விதி வைத்தார்: முழு உடல், முழு ஆள், முழுச் செயல். பழைய விதிதான், ஆனால் மண்பாண்டத்துக்கு இதைவிட நல்லது இல்லை. புதிதாக எடுப்பவர்கள் சக்கரத்தில் விரலையே அண்மைக்காட்சியாக எடுத்துத் தள்ளுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆய்வுக்கு உதவாது. இடுப்பு எங்கே ஊன்றியிருக்கிறது, முழங்கை எதில் தாங்குகிறது, தண்ணீர்ச் சட்டி எந்தப் பக்கம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் எதைப் பார்க்கிறான், எதுவும் பதிவாகாது. ஒரு பானையையாவது மண் உருண்டை சக்கரத்தில் விழுவதிலிருந்து அறுத்தெடுப்பது வரை ஒரே ஷாட்டில், முழு ஆளும் தெரிய எடுங்கள். அடுத்த பானையில் அருகே போகலாம்.

உங்கள் 35 மி.மீ. போதும். கேமராவில் முழுச்சட்ட சென்சார் இல்லையென்றால் அது 50 மி.மீ.க்கும் மேலான லென்ஸ் போலக் காட்சியைக் குறுக்கிவிடும். சின்னக் கொட்டகைக்குள் பின்னால் நகர இடம் இருக்காது, 24 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். தூரத்திலிருந்து ஜூம் வேண்டாம். அகல லென்ஸைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் அங்கே இருப்பது அவர்களுக்கும் தெரியும், படம் பார்ப்பவருக்கும் தெரியும். முக்காலியா கையா என்று மீடும் பேட்சனும் பின்னாளில் ஒரு உரையாடலில் மோதிக்கொண்டார்கள். மீடுக்குக் கேமரா நிறுத்திய இடத்தில் தொடாமல் ஓட வேண்டும், பேட்சனுக்கு முக்காலியே ஆகாது. தொழில்முறையைப் பதிவு செய்ய மீட் வழி, பேச்சுக்குப் பேட்சன் வழி என்று பிரித்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் அசையாமல் 20 வினாடியாவது பிடியுங்கள். செயல் முடிந்த பிறகும் பத்து வினாடி ஓடட்டும். நல்ல பேச்சு பெரும்பாலும் அந்தப் பத்து வினாடியில்தான் வரும். பிரெஞ்சு இனவரைவியல் பட இயக்குநர் ழான் ரூஷ் ஆரம்பத்தில் வைத்திருந்த சாவி கொடுக்கும் பெல் அண்டு ஹவல் கேமரா ஒரு தடவைக்கு 25 வினாடிக்கு மேல் ஓடாது. அந்தக் காலப் படங்களின் துண்டு துண்டான நடைக்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. மறுகோடியில் 2013-ல் வந்த 'மனகாமனா' நிற்கிறது: நேபாளக் கோவிலுக்குப் போகும் கம்பிவட வண்டிக்குள் வெறும் 11 ஷாட். ஒவ்வொரு ஷாட்டும் ஒரு முழுப் பயணம். அதை எடுத்த 16 மி.மீ. 400 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம் ஓடும். ஒரு பயணமும் ஏறக்குறைய அதே நேரம்.

அமைப்புகள்: வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30 பிரேமில் 1/60 வைத்தால் குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் திரையில் அலையடிக்கும்.

சூளையில் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிடுங்கள். தானியங்கி ஒளியளவில் விட்டால் தீ எழும்போதெல்லாம் படம் இருண்டு, அடங்கினால் வெளுத்துப் பொங்கும். தொகுக்கும்போது இதைச் சரிசெய்ய வழியே இல்லை. வெண்சமநிலை 3200 கெல்வின், துளை எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 1600-ல் தொடங்கி முகத்துக்குத் தகுந்தபடி 3200 வரை. தீயின் நடுப்பகுதி வெளுத்துப் போகட்டும், முகம் தெரிந்தால் போதும். புகைக்குள் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், அதையும் அணைத்துவிட்டுத் தூரத்தைக் குறித்து வையுங்கள். சூட்டில் 4கே பதிவு பாதியில் நின்றுவிடும் கேமராக்கள் பல. உங்களுடையது அப்படியென்றால் சூளைக்கு மட்டும் 1080-க்கு இறங்குங்கள். உலர்ந்த மண்தூசு லென்ஸில் படிந்தால் துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

ஒலி: ஆள் இல்லாமல் எடுப்பவர்களின் படம் கெடுவது இங்கேதான். காலர் மைக் மாட்டலாம் என்றால் சக்கரத்தில் இருப்பவர் பெரும்பாலும் சட்டையே போட்டிருக்க மாட்டார். ஒலிப்பதிவுக் கருவியைக் கொட்டகைக் கூரை விட்டத்தில் அவர் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள், கேமராவில் ஒரு ஷாட்கன் மைக் (முன்னால் வரும் ஒலியை மட்டும் பெரிதாகப் பிடிப்பது) இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி. தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் சும்மா இருக்கும்போது அது இரைச்சலைத் தூக்கிக் காட்டும். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கை தட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரு மணி நேரத்தில் சில பிரேம் விலகிப்போவது சாதாரணம். முடிவில் தட்டியிருந்தால்தான் எவ்வளவு விலகியது என்று தெரியும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிடத்தைத் தனியாகப் பதியுங்கள், பேச்சை வெட்டி ஒட்டுமிடத்தில் அடியில் போட அது வேண்டும்.

மறுபக்கம்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. ஆனால் இருவரும் தொடாத ஒன்று, "கேமராவுக்காக இன்னொரு தடவை செய்யுங்கள்" என்பது. உங்கள் களத்தில் முதல் நாளே இது வரும். நீங்கள் கேட்காவிட்டாலும் அவர்களே செய்து காட்டுவார்கள்.

இது துறையின் பிறவிக்குணம். பழஞ்சுருள் சொன்ன 1898 படத்திலேயே மிஷனரிகள் வந்த பின் கைவிடப்பட்டிருந்த சடங்கை மறுபடி ஆடிக் காட்டினார்கள், முகமூடிகள் அட்டையில் செய்தவை. இனுயிட் மக்களைப் பற்றிய ஃபிளாஹர்ட்டியின் 'நானூக்'கில் (1922) கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பாதி திறந்த பனிவீடு ஒன்று கட்டினார்கள். நாயகனின் உண்மைப் பெயரும் நானூக் இல்லை, அல்லாகாரியல்லாக். ஜான் மார்ஷலின் 'தி ஹண்டர்ஸ்' (1957) காட்டும் ஒட்டகச்சிவிங்கி வேட்டை, பல வேட்டைகளை ஒட்டித் தைத்தது. மார்ஷல் பின்னால் அந்த வழியையே விட்டுவிட்டு, ஒரே நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுக்கும் துண்டுப் படங்களுக்கு மாறினார்.

நமக்கு அருகே நடந்தது 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய 12 நாள் வேத வேள்வியான அதிராத்ரம். வேத ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஸ்டாலும் பட இயக்குநர் ராபர்ட் கார்ட்னரும் அதைப் படமாக்கினார்கள். வேள்விச் செலவுக்கு ஆய்வுக்குழுவே பணம் திரட்டியது. எதிர்ப்பு வந்ததால் ஆடுகளுக்குப் பதில் இலையில் பொதிந்த அரிசிமாவு வைக்கப்பட்டது. 1976-ல் வந்த படம் 45 நிமிடம். அதை "பழமை மாறாத சடங்கின் பதிவு" என்று பார்ப்பவருக்கும், "ஆய்வாளர் பணத்தில், கேமரா முன்னால், எதிர்ப்புக்கு நடுவே நடந்த 1975-ம் ஆண்டுச் சடங்கு" என்று பார்ப்பவருக்கும் கிடைப்பது வெவ்வேறு படம். இரண்டாமவருக்குத்தான் அதில் மானிடவியல் அதிகம் என்பது என் கட்சி.

மறுபடி செய்வதைத் தடுக்காதீர்கள், ஆனால் குறித்து வையுங்கள். ஒவ்வொரு துண்டின் பெயரிலும் தானாக நடந்தது, கேட்டு நடந்தது, அவர்களாகவே காட்டியது என்று ஒரு குறி. காட்டிய தடவையில் பெரியவர் எந்தக் கட்டத்தை நிதானமாகச் செய்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதை இயல்பான தடவையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைத் தொழிலின் உயிர் என்று நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும். இந்த ஒப்பீடு மட்டுமே ஒரு அத்தியாயம்.

எடுத்ததை அவர்களுக்குத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை, ஆய்வுமுறைக்காகச் சொல்கிறேன். நைஜர் ஆற்றில் சோர்கோ மக்களின் நீர்யானை வேட்டையை எடுத்த ரூஷ், வேட்டைக்காட்சிக்கு வேட்டைப் பாட்டையே பின்னணி இசையாகப் போட்டிருந்தார். அயோரு ஊரில் திரையிட்டபோது வேட்டைக்காரர்கள் எதிர்த்தார்கள்: சத்தம் கேட்டால் நீர்யானை ஓடிவிடுமே! அவர் இசையை எடுத்துவிட்டார். அப்படி ஒரு திருத்தத்தை எந்தக் கேள்வித்தாளாலும் வாங்க முடியாது. போட்டுக் காட்டும்போது அந்தப் பேச்சையும் பதிவு செய்யுங்கள், ஆய்வேட்டில் அது தனித் தரவு.

சம்மதத்தை ஒரே கையெழுத்தில் முடித்துவிடாதீர்கள். எடுக்க, ஆய்வேட்டில் சேர்க்க, வகுப்பில் காட்ட, விழாவுக்கு அனுப்ப, இணையத்தில் போட என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலைக் கேமராவிலேயே வாங்குங்கள். இணையம் என்றதும் வீட்டுப் பெண்களின் பதில் மாறலாம். முதலில் வெட்டித் தொகுத்த வடிவத்தைப் பார்த்த பிறகு இன்னொரு தடவையும் கேட்க வேண்டும். கந்துவட்டி, மண் எடுக்க அனுமதி, அதிகாரிக்குக் கொடுத்தது இதெல்லாம் பேச்சில் வரும். பேசியவர் ஒப்புக்கொண்டாலும் அந்த வரியை எழுத்தில் பெயரில்லாமல் வைப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

வண்டல்:

மிகவும் நன்றி. சுருளில் குறி போடும் யோசனையை உடனே எடுத்துக்கொள்கிறேன். பின்னணிக் குரலுக்கு மாற்று என்ன? புறத் தேர்வாளர் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் களத்துப் பேச்சு வேறு வட்டாரத்துத் தமிழருக்கே சிரமம்.

அடிவரி:

குரல் விளக்கத்தின் கோளாறு கார்ட்னரின் 'டெட் பேர்ட்ஸ்' (1963) படத்தில் தெளிவாகத் தெரியும். நியூகினியின் டானி மனிதர் ஒருவர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பதையெல்லாம் விவரிப்பாளரே சொல்லிவிடுகிறார். இதற்கு நேர்மாறு, அதே கார்ட்னர் காசியில் எடுத்த 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' (1986). 90 நிமிடம், விளக்கமும் கிடையாது, சப்டைட்டிலும் கிடையாது. இது மானிடவியலே இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. என் பார்வையில், பேசுகிறவர்களின் பேச்சை மறைத்துவிட்டு உணர்வை மட்டும் கொடுப்பது ஆய்வேட்டுக்கு ஒத்துவராது.

நடுவழி, இனவரைவியல் படம் எடுத்த மெக்டூகல் தம்பதியுடையது. உகாண்டாவின் ஜியே மக்களிடம் எடுத்த 'டு லிவ் வித் ஹெர்ட்ஸ்' (1972), மக்கள் தங்களுக்குள் பேசுவதைச் சப்டைட்டிலோடு கொடுத்த முன்னோடிப் படங்களில் ஒன்று. தேவையான தகவலுக்குத் தலைப்பு அட்டைகள். கென்யாவின் துர்கானா மக்களிடையே எடுத்த 'தி வெட்டிங் கேமல்ஸ்' (1977) கிட்டத்தட்ட முழுக்கவே பரிசப் பேரம்தான்: எத்தனை ஒட்டகம், யாருக்கு எது. வாதம் முழுவதும் பேச்சிலேயே நகர்கிறது. உங்கள் வியாபாரி பேரக் காட்சிக்கு இதுதான் முன்மாதிரி. குழுவிலிருக்கும் அந்தப் பேராசிரியருக்கு இதைக் காட்டுங்கள். படத்தில் மூன்று நான்கு அட்டை, ஒன்றுக்கு இரண்டு வரி என்று சமாதானம் பேசலாம்.

வேலைமுறை: எல்லாப் பேச்சையும் எலான் மென்பொருளில் எழுத்தாக்குங்கள். இலவசம், நெதர்லாந்தின் நைமேகனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது. ஆளுக்கு ஒரு அடுக்கு, அதன் கீழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு அடுக்கு, உங்கள் குறிப்புக்கு ஒன்று. அங்கிருந்தே சப்டைட்டில் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், எழுத்தாக்கமும் ஆய்வேட்டுக்குத் தயாராகிவிடும். பலர் ஒரே நேரத்தில் பேசும் ஒரு மணி நேரப் பதிவுக்கு முழுதாக ஒரு நாளை ஒதுக்கினால்கூட முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இதை முடிக்காமல் வெட்ட உட்கார்ந்தால் கண்ணுக்கு அழகான காட்சியே தேர்வாகும், முக்கியமான பேச்சு பெட்டியிலேயே கிடக்கும்.

சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. ஒரு வினாடிக்குக் குறையாமல், ஏழுக்கு மிகாமல் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் வரிக்கு 40 எழுத்தைச் சுற்றி. தமிழிலும் போடப் போகிறீர்களானால் மென்பொருள் காட்டும் எழுத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள், அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். வட்டாரப் பேச்சை மேடைத்தமிழாக மாற்ற வேண்டாம், பேசியபடியே எழுதுங்கள். தொழில் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, முதல் தடவை அந்தப் பொருள் திரையில் தெரியும் இடத்தில் கொண்டுவந்தால் தமிழ் தெரியாதவருக்கும் விளங்கும்.

ஒரு தொல்லை உண்டு. சில தொகுப்பு மென்பொருள்கள் "கொ", "கே" போன்றவற்றில் கொம்பைப் பிரித்துத் தனியே போட்டுவிடும். பிரீமியரில் எழுத்துப் பொறி அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகும். வேறு மென்பொருளில் அடம்பிடித்தால் ஏஜிசப் என்ற சப்டைட்டில் மென்பொருளில் எழுதி, எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்றும் கருவி வழியாகப் படத்தில் பதித்துவிடுங்கள், எழுத்து உடையாது.

பழஞ்சுருள்:

மறுபக்கம் பாஞ்ஞாளைச் சொன்னது சரியான அடி. ஏற்கிறேன்.

வண்டல், குழுவிடம் முன்வைக்க இரண்டு ஆதாரம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிரனாடா காட்சி மானிடவியல் மையம் 1987 முதல் நடக்கிறது. மாணவர்கள் படத்தையும் எழுத்தையும் சேர்த்தே மதிப்பீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்க மானிடவியல் சங்கம் 2001-ல் இனவரைவியல் காட்சிப் படைப்புகளைக் கல்விப் பணியாக எப்படி மதிப்பிடுவது என்று வழிகாட்டுக் குறிப்பே வெளியிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதியில் "படம்" என்ற சொல் இருக்காது. ஆகவே தலைப்பைப் பதிவு செய்யும்போதே "ஆய்வேடு, எழுத்தும் படமும்" என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் கேட்டால் பின்னிணைப்புதான்.

எழுத்தில் படத்தைக் குறிக்கும்போது நிமிடம், வினாடியோடு மேற்கோள் காட்டுங்கள். தேர்வாளர் ஒரு வாதத்தை ஏற்க அந்த நிமிடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்ற நிலை நான்கைந்து இடத்தில் வந்தால் போதும்.

கைக்கேமரா:

விட்டுப்போனது: சேமிப்பு. 50 மெகாபிட் பதிவு மணிக்கு சுமார் 22.5 ஜி.பி., 100 மெகாபிட் என்றால் 45. இருபது மணி நேரம் எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு டி.பி. மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில். கார்டை அன்றிரவே நகலெடுத்து, இரண்டாவது பிரதியைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். தொகுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப்போடுவது இந்த வேலையில் கூடாது. குடும்பத்தாருக்கும் ஒரு பிரதி கொடுக்கிறீர்கள் என்றால் வன்தட்டு வேண்டாம், போனில் ஓடும் சின்னக் கோப்பாகக் கொடுங்கள்.